உருளைக்கிழங்கு முத்திரை

கோயிலின் பேகோபுரத்துக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் பி.ஏ. படித்த முதல் பெண் நான்தான். அந்தத் திமிர் எனக்குக் கொஞ்ச நஞ்சமா! எண்பதுகளின் நடுவில் நகராட்சித் தேர்தல் வந்தபோது எனக்கு இருபத்தொரு வயது முடிந்து, ஓட்டும் வந்திருந்தது. தெருப் பெண்களில் பாதிப் பேர் அதுவரை ஓட்டே போட்டதில்லை. போட்டவர்களிலும் பலர் இரண்டு சின்னத்தில் குத்தி, செல்லாமல் ஆக்கிவிட்டு வந்தவர்கள். சொல்லிக் கொடுக்கிறேன் பேர்வழி என்று கிளம்பினேன்.

தையல்கார பாய் வீட்டுக் கூடத்தில் மத்தியான நேரம் வகுப்பு. காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கடிகாரம், குடை, கத்திரிக்கோல் என்று எங்கள் வார்டில் நின்ற மூன்று பேரின் சின்னங்களையும் வரைந்தேன். உருளைக்கிழங்கை வெட்டி முத்திரை செய்து, துணிக்குப் போடும் நீலத்தில் தோய்த்துக்கொண்டேன்.

"கோட்டு மேல பட்டா செல்லாது. ரெண்டு எடத்துல பட்டாலும் செல்லாது. இதோ, இப்படித்தான் குத்தணும்" என்று சொல்லிச் சொல்லிக் குத்திக் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் குடையில். குடையில் நின்றவர் அப்பாவின் சிநேகிதர். எங்கள் வீட்டில் வேறு சின்னத்தின் பேச்சே கிடையாது. கை தானாகப் போனது என்றுதான் இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அதில் பாதி பொய்.

பாயின் சம்சாரம் அக்காதான் ரொம்ப அக்கறையாகக் கற்றுக்கொண்டாள். தெருவில் குழாய் இல்லை. இரண்டு தெரு தள்ளிப் போய் தண்ணீர் சுமந்து அவளுக்கு இடுப்பே போயிருந்தது. எங்கள் தெருவுக்குக் குழாய் போடுகிறேன் என்று சொன்னவர் கத்திரிக்கோல்காரர் ஒருவர்தான்.

ஓட்டுப் போட்டுவிட்டு அக்கா மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டே வந்தாள்.

"நீ காட்டுன குடையிலதாம்மா குத்துனேன். கத்திரிக்கோலுக்குப் போடணும்னுதான் மனசு. அந்த ஆளு குழா போடறேன்னாரு இல்ல? ஆனா வேற எடத்துல குத்துனா செல்லாதுன்னியே! சரியாத்தான குத்திகினு வந்தேன்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம்.

"சரிதான்கா" என்றேன்.

அதோடு விட்டதா? நம்ம ஆளுக்கு ஒரு ஓட்டு ஜாஸ்தி என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. சீ, நானெல்லாம் படித்தவள்!

குடை ஜெயித்தது. குழாய் வரவில்லை. "நம்ம ஆளுதான ஜெயிச்சாரு, எப்பமா குழா வரும்?" என்று இடுப்பில் குடத்தோடு அக்கா கேட்டுவிட்டுப் போவாள். அவள் தலை தெரிந்தாலே நான் ஏதோ வேலை இருப்பதுபோல உள்ளே போய்விடுவேன்.

பதினெட்டு வயதிலேயே ஓட்டு என்று சட்டம் வந்ததும் அக்காவின் பெண்ணுக்கும் ஓட்டு வந்தது. எம்.பி. தேர்தல் நெருங்கியபோது அக்கா என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"எனக்கு சொல்லிக் குடுத்தியே, அதே மாதிரி இவளுக்கும் சொல்லிக் குடும்மா" என்றவள், பெண்ணிடம் திரும்பி, "நல்லா சொல்லிக் குடுப்பாடி, கவனமா கேட்டுக்கோ" என்றாள்.

இந்தத் தடவை நான் முத்திரை எதுவும் கொண்டுபோகவில்லை.

"யார் யார் நிக்கறாங்க, என்ன செய்யறேன்றாங்கனு நாலு பேர்கிட்ட விசாரி. யார் சொன்னாங்கன்னும் குத்தாத. உனக்கு யார் சரின்னு படுதோ, அவங்க சின்னத்துல குத்து. எதுல குத்துனாலும் செல்லும்" என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.

"எதுல குத்துனாலுமா?"

"ஆமாக்கா."

"அப்போ போன தடவை?"

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "போன தடவையும் அப்படித்தான்கா."

அக்கா திட்டவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். டீயை என் பக்கம் தள்ளி வைத்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மூலையில் இருந்த காலிக் குடத்தை எடுத்தாள்.

"நானும் வரேன்கா, ஒரு குடம் தூக்கறேன்."

"வேணாம்மா, நீ டீயக் குடி" என்று சொல்லிவிட்டு, தண்ணீருக்குக் கிளம்பிப் போனாள்.