பெரியவருக்கு ஐந்து மாடி

ஸ்குரூடிரைவர் பிடியால் அடித்தண்டில் மூன்று தட்டு. பிறகு முள் குத்தாத தூரத்தில் காது. வேலைக்குக் கிளம்புமுன் சித்தப்பா தம் கள்ளிச்செடிகளை நலம் விசாரிப்பது இப்படித்தான். அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்டைத் திட்டும்போது "டேய்", மேனேஜரிடம் "சார்". மரியாதையெல்லாம் பால்கனியில்தான்: "என்ன பெரியவரே, சௌக்கியமா?"

பெரியவர் என்பது மூலையில் நிற்கும் தூண்கள்ளி. முப்பத்திரண்டு வயது, என் நெஞ்சு உயரம். சித்தப்பா கணக்கில் கீழ்த்தளத்தோடு ஐந்து மாடி. அடியில் பழுப்பேறியதைப் பற்றி யாராவது கேட்டால், தொண்டையைச் செருமிக்கொண்டு டாக்டர் தோரணையில் சொல்வார்: "வியாதி இல்லப்பா. வயசு."

பத்து நாள் வெளியூர் வேலை முடிந்து ஞாயிறு காலை திரும்பியவர், பையை இறக்காமலே போய்த் தட்டினார்.

"என்ன இது, பொதபொதன்னு கேக்குது?"

விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"யாரு தண்ணி ஊத்தினது?"

சித்தி மறைக்கவில்லை. "வாடின மாதிரி இருந்துச்சு. பாவமேன்னு தினம் ஒரு மக் ஊத்தினேன்."

"பாவம் பாத்தே கொன்னுட்டியேடி!"

"வயசு வயசுன்னு ஊருக்கே சொன்னது யாரு? வயசானவருக்கு ஒரு வாய் தண்ணி குடுத்தது தப்பா?"

சித்தப்பா பையை இறக்கிவைத்தார். கத்தியை ஸ்பிரிட்டில் துடைத்தார். அழுகல் நடுத்தண்டு வழியாக மேலே ஏறும். அது எட்டாத இடத்தில் வெட்டி, மேல்துண்டைக் காயவைத்து நட்டால்தான் உயிர் மிஞ்சும்.

"கீழ்த்தளம்." வெட்டினார். சித்தி டார்ச் அடித்தாள். வெட்டுமுகத்தின் நடுவே பழுப்பு வட்டம்.

"ஒண்ணாம் மாடி." வட்டம்.

"ரெண்டு." வட்டம். "ஏறிட்டே இருக்கான் பாரு. எங்கயாச்சும் நில்லேன்டா!"

ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைப் புதிதாகத் துடைத்தார். மூன்றாம் மாடியில் வட்டம் மிளகளவு சுருங்கியிருந்தது. மிச்சம் ஒரு சாண்.

"போதுங்க. இத்துனூண்டு புள்ளிதானே? அப்படியே நட்டுடலாம்."

"புள்ளியோட நட்டா பத்தே நாள்ல இதுவும் போயிடும்."

"இன்னும் வெட்டினா நட என்ன இருக்கும்?"

அவர் இரண்டு விரல்கடை அளந்து, கத்தியை வைத்து, மூச்சைப் பிடித்து அழுத்தினார். வெளிர்பச்சை. ஓரத்திலிருந்து ஓரம் வரை வெளிர்பச்சை மட்டுமே.

சித்தி டார்ச்சைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். பக்கத்தில் கிடந்த செய்தித்தாள் கிழிசல் ஒரு பக்கம் சுற்றத்தான் போதுமாக இருந்தது. சித்தப்பா தாள் சுற்றிய பக்கத்தை அவள் உள்ளங்கையில் வைத்து, முள் பக்கத்தைத் தம் வெறுங்கையால் தாங்கிக்கொண்டார்.