நீலப் பட்டி இல்லாத கபரகொய்யா

வெள்ளவத்தைக் கால்வாய் கடலோடு சேரும் இடத்துக்குச் சற்று உள்ளே ஒரு கபரகொய்யா வாழ்ந்தது. ஆள் நீளத்துக்கு வளரக்கூடிய இந்த நீர் உடும்பைக் கொழும்பில் எவரும் வியப்போடு பார்ப்பதில்லை. பாலத்தில் நின்று எட்டிப் பார்த்து, முகம் சுளித்துவிட்டுப் போவார்கள். நான் விடுமுறைக் காலைகளில் அதைப் படம் பிடித்துவந்தேன். பெட்டி கட்டும் நீலப் பிளாஸ்டிக் பட்டி ஒன்று அதன் முன்னங்கால்களுக்குப் பின்னால் வளையமாக மாட்டியிருந்தது. உடல் பெருக்கப் பெருக்க அது இறுகியது. யாராவது வெட்டி எடுக்காவிட்டால் விலங்கு செத்துவிடும் என்பதை என் படங்களே எனக்குச் சொல்லின.

எங்கள் புகைப்பட வட்டத்தின் கண்காட்சிக்கு அவற்றில் ஒன்றைக் கொடுத்தேன். பலர் பார்த்தால் ஒருவராவது உதவ முன்வருவார் என்பது என் கணக்கு. வட்டத்தின் தலைவர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர், எல்லாருக்கும் அங்கிள். இயற்கைச் சூழலில் எடுத்த படத்தில் மனிதர் செய்த பொருள் எதுவும் தெரியக்கூடாது என்பது அவர் வகுத்த விதி.

"பிள்ளை, உது வனவிலங்குப் படமோ, குப்பைமேட்டுப் படமோ?" என்றார். கூட்டம் சிரித்தது.

அடுத்த வாரம் அவரே கால்வாய்க்குப் போனார். கோழிக் குடலைக் கரையில் போட்டு விலங்கை வெயிலுக்கு வரவழைத்தார். கண்காட்சிச் சுவரில் தொங்கிய அவருடைய படத்தில் பட்டி இல்லை, கணினியில் அழித்திருந்தார். பட்டி நெரித்த இடம் மட்டும் ஒடுங்கியபடியே இருந்தது.

"ஐயோ, இடுப்பைப் பாருங்கோவன்!" என்றார் பார்க்க வந்த பெண்ணொருவர். "நானும் ஒரு வருசமா ஜிம்முக்குப் போறன்."

"அதிட்டைக் கேளுமன், என்ன சாப்பிடுறது எண்டு," என்றார் அவருடைய கணவர்.

அங்கிளும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார்.

விலங்குகளை மீட்கும் தொண்டர் குழு ஒன்றுக்கு நான் முன்பே படத்தோடு எழுதியிருந்தேன். கண்காட்சி தொடங்கிய மறுநாள் அக்குழுவின் இளைஞர் அழைத்தார்.

"மிஸ், ஒங்கட படம் பழசு போல. இப்ப ஒரு புதுப் படம் பேஸ்புக்ல வந்திருக்கு. அதுல பட்டி ஒண்ணுமே இல்லயே. கழண்டிருக்கும்."

அது அங்கிள் பட்டியைக் கணினியில் அழித்த படம் என்றேன்.

"எடுத்தவரு ஒரு வார்த்த சொல்லட்டும், இப்பவே வாறம். நாங்க நாலே பேரு மிஸ், எல்லாப் பக்கமும் ஓடணும்."

அவர் கேட்டது நியாயம். புதிய படம் எடுத்து அனுப்பவும் வழியில்லை. விலங்கு வடிகால் குழாய்க்குள் புகுந்துகொண்டது. வால் நுனி மட்டுமே தெரிந்தது. ஆகவே அங்கிளின் வீட்டுக்குப் போனேன்.

"நான் அழிச்சனான் எண்டு சொன்னா, இவ்வளவு காலம் எடுத்த படமெல்லாத்தையும் சனம் சந்தேகப்படாதோ?" என்றார்.

"அங்கிள், அது செத்துப்போகும்."

"சாகட்டும் எண்டு நான் சொல்லேல்லையே. தானாக் கழண்டாலும் கழரும்."

தேநீர் கொண்டுவந்த அவருடைய மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உந்தக் கபரகொய்யாவோடை திரிஞ்சா உமக்கு ஆர் பிள்ளை கலியாணம் பேசுறது?"

ஒரு மனிதரின் நற்பெயரையும் ஒரு விலங்கின் உயிரையும் ஒரே தராசில் வைக்கலாமா என்று பல்கலைக்கழகத்தில் நாங்கள் மணிக்கணக்கில் விவாதித்திருக்கிறோம். அந்த வரவேற்பறையில் விவாதம் ஏதும் நடக்கவில்லை. அவர் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினார். நான் தேநீரைக் குடிக்காமல் எழுந்தேன்.

வீட்டுக்கு வந்து, பட்டி தெரியும் என் படங்கள் அத்தனையையும் அவருடைய படத்தையும் சேர்த்து இளைஞருக்கு அனுப்பினேன். தோலின் புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்த்து, அதே விலங்குதான், பட்டி இருந்த இடத்தில் மட்டும் புள்ளிகள் பொருந்தவில்லை, அழித்த படம்தான் என்று ஒப்புக்கொண்டார். வருவதாகச் சொன்னார். அதற்குள் மழை பிடித்துவிட்டது.

மழை விட்டபின் அவர்கள் வந்தபோது, குப்பை தடுக்கும் கம்பிகளில் அது வயிறு மேலாக ஒதுங்கிக் கிடந்தது. இளைஞர் கத்தரியை எடுத்தார். பட்டி தசைக்குள் புதைந்து, நீல விளிம்பு மட்டும் தெரிந்தது. பாலத்தில் நின்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு கைபேசியில் படமெடுத்தார்கள். நானும் ஒரு படம் எடுத்து அங்கிளுக்கு அனுப்பினேன்.

உடனே பதில் வந்தது. "நல்ல கூர்மை, பிள்ளை. வெளிச்சம் கொஞ்சம் கூடிப்போச்சு."