பேட்டரி எப்டி கீது?

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியன். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். ஒவ்வொரு தடவையும் "அடுத்த தபா வந்தா போவமாட்டேன்" என்பார். போய்விடுவார். ஒரே மகளையும் கட்டிக்கொடுத்த பிறகு எண்ணூரில் இந்த வீட்டில் நான் மட்டும்தான். பேச ஆள் இல்லாத வீடு எனக்கு எப்பேர்ப்பட்ட தண்டனை என்பது என் வாயைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

போன தடவை வந்த மனிதர் லீவு முழுக்க மொட்டைமாடியிலேயே கிடந்தார். பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசுவார் என்று நான் காத்திருந்தால், அவர் ஒரு சோலார் பலகையை வாங்கிவந்து, இரும்புச் சட்டம் அடித்து, தெற்குப் பக்கம் சாய்த்து மாட்டிக்கொண்டிருந்தார். படிக்கட்டுக்கு அடியில் பேட்டரி. அதற்கு மேல், பேட்டரி நிறைந்தால் பச்சை விளக்கு எரிகிற ஒரு சின்னப் பெட்டி. வீட்டிலிருந்த குண்டு பல்பு, டியூப்லைட் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு எல்.இ.டி. மாட்டினார். பழைய விசிறி போய், பேட்டரியிலேயே சுற்றுகிற விசிறி வந்தது. நான் ஜாக்கெட் தைக்கிற மெஷினுக்கு மேலே தனியாக ஒரு விளக்கு வேறு.

"பிரிஜ்ஜி, மிக்ஸிக்கு மட்டும்தான் கரண்டு. மத்தது எல்லாம் இனிமே வெயில்லயே ஓடும்" என்று அவர் சொன்னபோது அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எங்கள் கல்யாணத்தன்றுகூட அப்படிச் சிரிக்கவில்லை.

"தோடா! சூரியனையே புடிச்சி வூட்டுக்குள்ள கொண்டாந்துட்டாரு. நீ எப்பய்யா வந்து சேருவ?" என்றேன்.

"இந்தக் காண்ட்ராக்ட் முடியட்டும்மே. அப்பால கையெழுத்து போடமாட்டேன். சத்தியமா" என்றார். பலகையைத் தினமும் துடைக்கச் சொல்லி ஒரு துணியைக் கையில் கொடுத்துவிட்டு விமானம் ஏறினார். அந்தச் சத்தியத்தைப் பிடித்துக்கொண்டுதான் நான் நாளைத் தள்ளினேன்.

தினமும் இங்கே விளக்குப் போடுகிற நேரத்தில் வீடியோ காலில் வருவார். முதல் கேள்வி, "பேட்டரி எப்டி கீது?" அதற்கப்புறம்தான், "நீ எப்டி கீற?"

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "யோவ், நான் உம் பொண்டாட்டியா, இல்ல உம் பேட்டரிக்கு வாட்ச்மேனா?"

"கோச்சிக்காதமே. பொட்டில பச்ச லைட்டு எரியுதா? கொஞ்சம் காட்டு."

போனைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுவேன். அந்தப் பச்சை விளக்கை அவர் பார்க்கிற பார்வையை என் பக்கம் கொஞ்சம் திருப்பினால்தான் என்ன என்று இருக்கும். பேரப்பிள்ளை எடுக்கிற வயதில் ஒரு பெட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

கரண்டு மீட்டர் பார்க்க வருகிறவர் ஒரு தடவை யூனிட் குறைந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, வூட்ல ஆளே இல்லியா? ஊருக்குப் போயிருந்தீங்களா?" என்று கேட்டார். "ஆமா, ஆளு இல்லதான்" என்றேன்.

எங்கள் பக்கத்துத் தூசி சாதாரணத் தூசி இல்லை. கரி, சாம்பல், கன்டெய்னர் லாரிகள் கிளப்புகிற மண், கடற்காற்றின் பிசுபிசுப்பு எல்லாம் அதில் உண்டு. வெறும் துணியால் துடைத்தால் பலகை முழுக்க இழுவி இன்னும் கலீஜாகிவிடும். அதனால் ஒரு வாளி தண்ணீர் தூக்கிக்கொண்டு போய்க் கழுவ ஆரம்பித்தேன். சாமிக்கு அபிஷேகம் செய்கிற மாதிரி மேலிருந்து பொறுமையாக ஊற்றி, வெயிலில் காயவிட்டு இறங்குவேன். அவர் கையால் மாட்டிய பலகை. அதைக் கழுவுகிற நேரம் மட்டும் அவர் மாடியில் பக்கத்திலேயே நிற்கிற மாதிரி இருக்கும். சில நாள் அதனிடம் வாய்விட்டுப் பேசியும் இருக்கிறேன்.

அப்படியும் பேட்டரி இறங்க ஆரம்பித்தது. முதலில் நான் படுக்கிற வரைக்கும் எரிந்த விளக்கு, பிறகு சாப்பிடுவதற்குள் மங்கியது. அதற்கப்புறம் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்து முடிப்பதற்குள் அணைந்தது. எழுந்துபோய்ப் பழைய கரண்டு லைனுக்கு மாற்றிவிட்டு வந்து தைப்பேன்.

அவரிடம் சொன்னேன். ஒயரைப் பார்க்கச் சொன்னார், பார்த்தேன். முடிச்சுகளை இறுக்கச் சொன்னார், இறுக்கினேன். போனைப் பலகைக்கு நேராகப் பிடித்துக் காட்டினால் வெயிலில் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. "என் வேலதான் தப்பாயிடிச்சாமே?" என்று கேட்டார். எவ்வளவு பெரிய கப்பலுக்கெல்லாம் ஒயர் இழுக்கிற மனுஷன், சின்னப் பிள்ளை மாதிரி சுருங்கிப்போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ரெண்டு வாளியாகக் கழுவினேன். கழுவக் கழுவ இன்னும் மோசமானது.

ஒரு நாள் நல்ல மழை. அதற்கடுத்து வெயில் அடித்ததும் பேட்டரி நிறைந்து, நான் தூங்கப்போகிற வரைக்கும் விளக்கு எரிந்தது. ஆனால் நான் மறுபடி வாளியைத் தூக்க ஆரம்பித்ததும் மறுபடி மங்கல். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது. காய்ந்திருந்த பலகையை நகத்தால் சுரண்டினேன். வெள்ளையாக வந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு!

நான் ஊற்றியது வீட்டு போர்வெல் தண்ணீர். எங்கள் பக்கம் அதில் யாரும் உலை வைக்க மாட்டோம், பருப்பு வேகாது. குழாய் வாயிலும் வாளியிலும் வெள்ளை வெள்ளையாகப் படிந்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன். ஆனால் லாரி தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் மட்டும்தான். அதில் ஒரு சொம்பு எடுத்துக் கால் கழுவினால்கூட வீட்டில் சண்டை வரும். அந்தத் தண்ணீரைப் பலகைக்கு ஊற்றலாம் என்று எங்கள் தெருவில் எந்தப் பெண்ணுக்கும் தோன்றியிருக்காது. எனக்கும் தோன்றவில்லை. மாசக்கணக்கில் மொட்டைமாடியில் உப்புக் காய்ச்சியிருக்கிறேன்.

அன்றைக்கே குடத்திலிருந்து லாரி தண்ணீர் எடுத்துக்கொண்டு போய், மெல்லிய துணியை நனைத்து, ஓரம் விடாமல் துடைத்தேன். பச்சை விளக்கு திரும்பி வந்தது.

அவரிடம் சொன்னதும் இருமல் வருகிற வரைக்கும் சிரித்தார். "உப்பளமே போட்டுட்டியாமே!"

"சிரிய்யா, சிரி. தண்ணி தூக்கி இடுப்பு ஒடஞ்சது எனக்குத்தான தெரியும்."

எவ்வளவோ நாள் கழித்து ரெண்டு பேரும் சேர்ந்து சிரித்தோம். அன்றைக்கு எனக்கு ரெண்டு கவளம் கூடவே இறங்கியது.

அதற்குப் பிறகு பேட்டரிக்கு ஒரு குறையும் இல்லை. "எப்டி கீது?" என்று கேட்பார். "ராஜா மாதிரி கீது" என்பேன்.

ஒரு சாயங்காலம் அப்படிச் சொன்னதும், "சூப்பர்மே. இனிமே நான் இல்லாமலே வூடு ஓடும்" என்றார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு சொன்னார். "இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்து கேக்கறாங்கமே. நாளிக்கு சொல்லணும். அங்க வந்து நான் இன்னா பண்ணப்போறேன், நீயே சொல்லு. அங்க ரிப்பேரு பாக்கறதுக்குக்கூட ஒண்ணும் இல்லியே."

சத்தியம் செய்தாயே என்று சண்டை போட்டிருக்கலாம். ஒரே ஒரு தட்டு கழுவிக் கழுவி அலுத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நீ இல்லாமல் முடியவில்லை என்றே சொல்லியிருக்கலாம். தெருவே பயப்படுகிற இந்த வாயிலிருந்து அன்றைக்கு வந்தது வேறு.

"மாமா" என்றேன். அப்படிக் கூப்பிட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. "பேட்டரி மறுபடியும் பூட்ச்சி. சுத்தமா எறங்கிடிச்சி. ஒரு வெளக்கும் எரியல, வூடே இருட்டா கீது. நீ வந்து பாத்தாதான் ஆவும்."

சொல்லி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. நான் உட்கார்ந்திருந்தது தையல் மெஷின் விளக்குக்கு நேர் கீழே. என் மூக்குத்தி, கன்னத்தில் வழிந்த கண்ணீர் எல்லாம் அவருக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கும். பின்னால் விசிறி வேறு சுற்றிக்கொண்டிருந்தது.

அவர் முகத்தைப் போனுக்குக் கிட்டே கொண்டுவந்தார். பெட்டியைக் காட்டச் சொல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாமே" என்றார். "ஒண்ணுமே தெரில. ஒரே இருட்டா கீது. நான் வந்து பாக்கறேன்."