பாண் நேரத்தில் ஒரு நத்தார் கீதம்

போன வாரம் கட்டுகஸ்தோட்டையில் ஒரு சூப்பர் மார்க்கட்டில் பில் போட வரிசையில் நின்றேன். டிசம்பர், கிறிஸ்மஸ் மாதம் தெரியும்தானே, பருப்பு வாங்கப் போனாலும் தலைக்கு மேலே மணி கிலுகிலுத்துக்கொண்டே இருக்கும். அன்றைக்குப் போட்டிருந்தது வார்த்தை இல்லாத பாட்டு. பழைய நத்தார் கீதம் ஒன்றை இந்தக் காலத்துப் பிள்ளை யாரோ வெறும் வாத்தியத்தில் வாசித்திருக்கிறது. மெல்லிய மணிச் சத்தத்தில் ஆரம்பித்தது. எனக்கு முன்னால் நின்ற சிங்களப் பெண் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு பெரியவர் தள்ளுவண்டியின் கைப்பிடியில் தாளம் போட்டார். இரண்டு இளம்பெண்கள் போனை உயர்த்திப் பிடித்துப் பதிவு செய்தார்கள். நான் என்ன செய்தேன் என்கிறீர்களா? கூடையைத் தரையில் வைத்துவிட்டு வாசலைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தேன்.

"மிஸ், சாமான் வேணாமா?" என்று பில் போடும் பிள்ளை கூப்பிட்ட பிறகுதான் நின்றேன். கையைப் பார்த்தால் அது பாட்டுக்குக் கைப்பைக்குள் சில்லறை தேடிக்கொண்டிருக்கிறது. நாற்பதைத் தாண்டிய மனுஷி. வரிசையே என்னைத் திரும்பிப் பார்த்தது. முகம் எரிய, "போன் அடிச்ச மாதிரி இருந்துச்சு" என்று ஒரு பொய்யைச் சொல்லிக்கொண்டு கூடையை எடுத்தேன். அப்படி ஒரு விளக்கத்தை யாரும் கேட்கவும் இல்லை.

உங்களிடம் உண்மையைச் சொல்லலாம். சிரிப்பீர்கள், பரவாயில்லை. நாங்களும் அன்றைக்குச் சிரித்தவர்கள்தான். அதுதான் இத்தனை வருடமாக உறுத்துகிறது.

அப்போது எனக்குக் கண்டி டவுனில் ஒரு புடவைக் கடையில் வேலை. கட்டுகஸ்தோட்டைப் பக்கம் மேட்டில் ஏறிப்போகும் ஓர் ஒழுங்கையில், ஹலீமா ராத்தா வீட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். ராத்தா என்றால் அக்கா. ஒழுங்கையில் எல்லாருக்கும் அவர் ராத்தாதான், சிங்கள வீட்டுக்காரர்களுக்கும்கூட. என் அறையில் அவருடைய பழைய அலுமாரி ஒன்று நின்றது. பூச்சி வராதென்று அதற்குள் கராம்பு போட்டு வைப்பார். அதனால் என் உடுப்பெல்லாம் கராம்பு மணக்கும். கடையில் கூட வேலை செய்த பிள்ளைகள், "இன்னைக்கு என்ன, பிரியாணியா?" என்று மோந்து பார்ப்பார்கள். கராம்பு வாசம் வந்தால் எனக்கு அந்த அலுமாரி ஞாபகம் வரும், கூடவே கீழ் வளைவு வீட்டு மலர் அக்கா செய்த நத்தார் கேக்கும் ஞாபகம் வரும். கேக்குக்கு மெதுவாக வருகிறேன், அதுதான் இந்தக் கதையில் விழுங்க முடியாத பகுதி.

முதலில் பாண், அதாவது பேக்கரி ரொட்டி. சாயங்காலமானால் எங்கள் பக்கம் சூன் பாண் வரும். பின்னால் கண்ணாடிப் பெட்டி பூட்டிய முச்சக்கரவண்டி. அதன் கூரையில் ஒரு சின்ன ஒலிபெருக்கி, அதிலிருந்து மணி அடிக்கிற மாதிரி கீச்சென்று ஒரு மெட்டு. யாரோ பெரிய வெள்ளைக்கார மேதை எழுதிய மெட்டு என்று பின்னால் தெரிந்துகொண்டேன். இருக்கட்டும். எங்களுக்கு அது பாண் பாட்டு. ரோஸ்ட் பாண், மீன் வைத்த மாலு பாண், சீனி தூவிய கிம்புலா பணிஸ் எல்லாம் சூட்டோடு வரும். ஆனால் அந்த வண்டிக்கு எங்கள் மேடு ஏறாது. கீழே வளைவில் ஒரு நிமிஷம் நிற்கும், ஆள் வரவில்லையென்றால் திரும்பிப் போய்விடும். ஆகவே அந்தச் சத்தம் எங்கள் ஒழுங்கையில் யாருடைய காதுக்கும் போனதில்லை, நேராகக் காலுக்குத்தான் போகும். "புள்ள, பாண் வந்தீக்கி, ஓடு" என்று ராத்தா சொல்லி முடிக்குமுன் நான் பாதி மேடு இறங்கியிருப்பேன். தலையில் ஷாம்பு நுரையோடுகூட ஒருநாள் ஓடியிருக்கிறேன்.

அந்த வளைவில் இருந்ததுதான் ரூபன் அண்ணன் வீடு. டவுனில் ஒரு ஹாட்வெயார் கடையில் பில் எழுதுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் தங்கள் வேதக் கோவிலில் பாட்டுக் குழுவுக்குக் கீபோர்ட் வாசிப்பார். ஒல்லியான மனிதர். பஸ்ஸில் தன் குடை நம் மேல் படாமலே, "தொந்தரவா இருக்கா தங்கச்சி?" என்று கேட்கிற ரகம். வீட்டில் பயிற்சி செய்யும்போதும் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாதென்று ஹெட்போன் மாட்டிக்கொள்வார். வெளியே கேட்பது விரல்கள் கட்டையைத் தட்டும் டொக் டொக் மட்டும். "இந்த மனுசன் என்னத்த தட்டுற? கொத்து ரொட்டியா?" என்பார் ராத்தா. நானும் விழுந்து விழுந்து சிரிப்பேன்.

அவர் தட்டிக்கொண்டிருந்தது என்னவென்று ஒருநாள் பஸ்ஸுக்கு நடக்கும்போது அவரே சொன்னார். எல்லாருக்கும் மனப்பாடமான அந்தப் பழைய நத்தார் கீதத்தைத் தன் பாணியில் புதிதாக அமைத்திருக்கிறார். நத்தார் ஆராதனையில் அதை ஒரே ஒரு தடவை, யாரும் கூடப் பாடாமல், தனியாக வாசிக்க வேண்டும்.

"எப்பவும் எல்லாரும் பாடுறாங்க, நான் பின்னாடி வாசிக்கிறேன். ஒரு தடவ எல்லாரும் சும்மா இருந்து கேக்கணும் தங்கச்சி. முன்னுக்குச் சாதாரணமாத்தான் இருக்கும். கடைசியிலதான் இருக்கு விஷயம். பொறுத்துக் கேட்டா தெரியும்."

கோவில் பெரியவர்களுக்கு அதில் இஷ்டமில்லை. வார்த்தை இல்லாமல் வாசிக்க இதென்ன கலியாண வீடா என்று கேட்டார்களாம். இவர் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டுக்கு வந்து ஒரு தடவை கேட்டுவிட்டு முடிவு சொல்லுங்கள் என்று சம்மதிக்க வைத்திருந்தார். அதுவரைக்கும் அந்தப் பாட்டை முழுசாகக் கேட்ட ஒரே ஆள் அவருடைய மனைவி மலர் அக்கா. ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தன் காதில் வைத்துக் கேட்டிருக்கிறார். "கடைசியில எனக்கு அழுகையே வந்துருச்சு. வெங்காயம்னு சொல்லிட்டேன்," என்று வெட்கப்பட்டுக்கொண்டு என்னிடம் சொன்னார்.

அந்தச் சனிக்கிழமை வந்தது. அவர்கள் வீட்டு முன்னறை சின்னது என்பதால் முற்றத்தில் ஏற்பாடு. உட்காரக் கதிரைகள் எங்கள் வீட்டிலிருந்துதான் போயின. இதைக் கவனித்துக்கொள்ளுங்கள். ராத்தாவும் நானும்தான் ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு போய் வைத்தோம். என்ன நடக்கப்போகிறது என்று எங்களுக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியில்லை. ஆனால் மதியமே வருவதாகச் சொன்ன பெரியவர்கள் வரவில்லை. காத்துப் பார்த்துவிட்டு, இனி வரமாட்டார்கள் என்று நினைத்து நாங்கள் மேலே ஏறிவிட்டோம். நான் மறுநாளைக்கு உடுப்பு அயர்ன் பண்ணத் தொடங்கினேன். விஷயம் அப்படியே மனதை விட்டுப் போய்விட்டது.

அவர்கள் வந்து சேர்ந்தது சரியாகப் பாண் நேரத்துக்கு. ரூபன் அண்ணன் புதுமையாக இருக்கட்டும் என்று தேர்ந்தெடுத்திருந்ததோ கீபோர்டில் மணிச் சத்தம். ஒலிபெருக்கியை வைத்திருந்ததோ வளைவில், வேலிக்குப் பக்கத்தில். மெட்டு வேறுதான். ஆனால் காலுக்கு மெட்டுத் தெரியுமா? "புள்ள, பாண்" என்றார் ராத்தா. அயர்னை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பையை இழுத்துக்கொண்டு ஓடினேன். எனக்குப் பின்னால் ராத்தா. எதிர்வீட்டுச் சிங்கள அம்மா கூடையோடு. இன்னும் யார் யாரோ. ஒழுங்கையே மேட்டிலிருந்து இறங்கியது.

வளைவுக்கு வந்தால் பாண் வண்டி இல்லை. முற்றத்தில் கோவில் பெரியவர்கள் மூன்று பேர் கைகட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ரூபன் அண்ணன் வாசிக்கிறார். நாங்கள் கூட்டமாக ஓடி வருவதைக் கண்டதும் அவர் முகம் எப்படி மலர்ந்தது தெரியுமா? நாங்கள் கேட்கத்தான் ஓடி வருகிறோம் என்று நினைத்துவிட்டார். வாசித்துக்கொண்டே தலையை ஆட்டி உள்ளே வரச் சொன்னார். மலர் அக்கா அவசர அவசரமாக வீட்டுக்குள் போய் இன்னொரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் மூச்சு வாங்கக் கேட்டேன்: "அண்ணே, பாண் போயிருச்சா?"

சொல்லிய பிறகுதான் மூளை வந்து சேர்ந்தது. அதற்குள் கையில் பை, ராத்தா கையில் தட்டு, பின்னால் கூடைகள், எல்லாவற்றையும் பெரியவர்கள் பார்த்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் தொடையில் தட்டிச் சிரித்தார். "அதானே பாத்தேன். எங்கயோ கேட்ட மாதிரி இருக்கேன்னு நானும் யோசிச்சேன்." மற்ற இருவரும் சிரித்தார்கள். பிறகு எங்கள் பக்கம் சிரிப்புத் தொற்றியது. நானும் சிரித்தேன். வெட்கத்தில் வந்த சிரிப்புத்தான், ஆனால் எதிரே இருப்பவருக்கு அதெல்லாம் பிரித்துத் தெரியுமா? மலர் அக்கா தூக்கி வந்த கதிரையைக் கீழே வைக்காமல் அப்படியே நின்றார். ரூபன் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வாசித்தார். நிறுத்தவில்லை.

அந்த நேரம் பார்த்து உண்மையான பாண் வண்டி வந்தது.

வந்து வழக்கமான இடத்தில், அவருடைய ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலேயே நின்றது. இரண்டு மெட்டும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு ஒலித்தன. கொஞ்ச நேரம் ரூபன் அண்ணன் தாங்கிப் பார்த்தார். பிறகு கையை எடுத்துவிட்டார். 'தம்பி, அத கொஞ்சம் நிப்பாட்டு' என்று பாண்காரரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கு வாய் வந்திருக்கலாம். நாங்கள் என்ன செய்தோம்? ஒருவரையொருவர் பார்த்தோம். எதிர்வீட்டு அம்மா மெதுவாக நகர்ந்து ஒரு ரோஸ்ட் பாண் வாங்கினார். அவ்வளவுதான், எல்லாரும் வாங்கினோம். வந்தது வந்தோம் என்று பெரியவர்களில் ஒருவரும் எழுந்து வந்து மாலு பாண் வாங்கினார்.

மலர் அக்கா கேக்குத் தட்டை எடுத்து வந்தது அதன் பிறகுதான். ராத்தா தயங்கிக்கொண்டு, இதில் பிராந்தி சேர்த்திருக்கிறதா என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல ராத்தா. இது ஒங்களுக்குன்னு தனியா செஞ்சது. வாசிச்சு முடிஞ்சதும் எல்லாரையும் கூப்பிட்டுக் குடுக்கணும்னு இவரு சொல்லியிருந்தாரு."

ரூபன் அண்ணன் தன் கையாலேயே ஒவ்வொருவருடைய பாண் பையிலும் ஒரு துண்டு கேக் வைத்தார். என் முறை வந்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "கொண்டு போங்க தங்கச்சி. பாண் ஆறிடும்," என்றார். அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். ராத்தாவும் நானும் மேட்டில் ஏறினோம். அன்றைக்கு அந்தக் கேக்கையும் தின்றேன். கராம்பு மணத்தது. நன்றாகத்தான் இருந்தது, அது இன்னும் மோசம்.

பெரியவர்கள் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நத்தாருக்கும் எல்லாரும் பாடினார்கள், அவர் பின்னால் வாசித்தார். ஒழுங்கை அவருக்குப் பெயர் வைத்துவிட்டது, சூன் பாண் ரூபன் என்று. அவர் முகத்துக்கு நேரேயே கூப்பிட்டார்கள், அவரும் சிரித்தார். ஆனால் டொக் டொக் சத்தம் நின்றுபோனது. "அது கேக்காம வளைவு என்னமோ மாதிரி ஈக்குது புள்ள," என்றார் ராத்தா ஒருநாள். அதற்குப் பிறகு பாணுக்கு இறங்கும்போது பையைச் சுருட்டிக் கக்கத்தில் ஒளித்துக்கொண்டு ரூபன் அண்ணன் வீட்டுக் கேட்டைக் கடப்பேன். அவருக்குத் தெரியாதாக்கும்.

மறு வருஷம் அவர்கள் வத்தளைப் பக்கம், மலர் அக்காவின் ஊருக்குப் போய்விட்டார்கள். ராத்தா அக்குறணையில் மகள் வீட்டுக்குப் போய் அங்கேயே மௌத்தானார். வளைவில் இப்போது மூன்று மாடிக் கட்டிடம். பெற்றோல் இல்லாமல் நாடே வரிசையில் நின்ற காலத்தில் பாண் வண்டியும் நின்றது. பிறகு வந்த வண்டிகளில் சில ஹோர்ன் மட்டும் அடிக்கின்றன, சில அதுவும் இல்லாமல் வாட்ஸப்பில் ஓடர் எடுக்கின்றன. எங்கள் மேட்டில் யாரும் ஓடுவதில்லை.

சூப்பர் மார்க்கட் சங்கதியையும் இந்தப் பழைய கதையையும் வீட்டில் மகளிடம் சொன்னேன். அவள் உடனே போனில் அதே வாசிப்பைத் தேடி எடுத்தாள். கீழே கேட்டவர்கள் எழுதியதையெல்லாம் வாசித்துக் காட்டினாள். ஒருவருக்குப் புல்லரித்ததாம். ஒருவர் செத்துப்போன அம்மாவை நினைத்து அழுதாராம். இன்னொருவர், கடைசி வரைக்கும் கேளுங்கள், கடைசியில்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தார். அதைக் கேட்டதும் வாசிப்பை முதலிலிருந்து போடச் சொன்னேன். காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, அசையாமல், கடைசி வரைக்கும் கேட்டேன்.

முடிந்ததும் மகள் கேட்டாள். "அந்த மாமா வாசிச்சதுல கடைசியில என்னம்மா இருந்துச்சு?"

"தெரியாதும்மா," என்றேன். "நாங்க பாண் வாங்கிட்டு வந்துட்டோம்."