ஆனியில் அறுந்த நூல்

எனக்குக் கோபம் பொசுக்கென்று வந்துவிடும். அந்த ஆனி மாதம் வந்த கோபத்துக்காக இன்றுவரை நான் வருத்தப்பட்டதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில், தாமிரபரணிக் கரையோரம் ஒரு நூற்பாலையில் உற்பத்திப் பொறியாளராகப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். எந்திரம் எங்கே வீணாக நிற்கிறது, வேலை எங்கே தேங்குகிறது என்று பார்த்துச் சரிசெய்வது என் பொறுப்பு. ஆனி பிறந்ததும் நூல் அறுந்துகொண்டே இருந்தது. அறுந்த நுனியைப் பிடித்து ஒட்டுவது பெண்களின் வேலை. மேலாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்தார்.

“பொம்பளையாளுவ மெத்தனமா வேல பாக்காளுவ. எவளெவ பையப் பைய ஒட்டுதாளுவன்னு குறிச்சுக் கொண்டாம்மா. மூணு பேர வீட்டுக்கு அனுப்பணும்.”

முதலில் அனுப்ப வேண்டியவள் யார் என்பதையும் அவரே சொன்னார். அவள் சம்பளத்தில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது. அவள் பின்னால் போய் நின்றேன். மெத்தனமாம், மெத்தனம்! கண்ணை மூடித் திறப்பதற்குள் ஒட்டிவிட்டாள். ஆனால் ஒன்றை ஒட்டுவதற்குள் பக்கத்தில் இரண்டு அறுந்தன. கூடமெங்கும் பஞ்சு பறந்தது. என் உதடு காய்ந்து எரிந்தது.

காற்றில் ஈரம் இல்லாவிட்டால் நூல் நிற்காது. அதற்கென்றே ஈரக்காற்று அனுப்பும் எந்திரம் ஒன்று உண்டு. அது ஓடவில்லை. எந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டரிடம் கேட்டேன்.

“இது சாரல் காலம்லா? ஆனி, ஆடி ரெண்டு மாசமும் நிறுத்திப் போட்டுருவோம். வருசா வருசம் வழக்கந்தானம்மா,” என்றார்.

“அண்ணாச்சி, திருநெல்வேலியில என்னைக்குச் சாரல் அடிச்சிருக்கு?”

அவர் தலையைச் சொறிந்தார். ஈரமானியில் எடுத்த அளவுகளோடு மேலாளர் முன்னால் போய் நின்றேன்.

“குத்தாலத்துல சீசன் களைகட்டுது. இங்கன மட்டும் ஈரம் இல்லாமப் போயிருமா?”

“அருவி அங்கன விழுது சார். நூல் இங்கன அறுந்து போவுது. மலையத் தாண்டி நமக்கு வாரது வெறும் காத்துதான்.”

“எனக்கு மூணு பேரு வேணும்.”

“எந்திரத்த ரெண்டு நாள் ஓட்டுங்க. அறுந்து போறது குறையலன்னா என் பேர எழுதிக்கிடுங்க. வேற பேரு என் கையால வராது.”

“பொம்பளப்புள்ளைக்கு இம்புட்டு வாயா?” என்றார். ஆமாம், இம்புட்டுத்தான். இன்னும் கொஞ்சம் கூட இருந்தாலும் தப்பில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை மாட்டிவிடும் ஆசையிலோ என்னவோ, ஓட்டச் சொன்னார். மறுநாள் மதியத்துக்குள் பறந்த பஞ்சு அடங்கியது. நூல் எப்போதாவது ஒன்று அறுந்தது. மேலாளர் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டார். பட்டியலைப் பற்றிப் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை.

ஜெயித்துவிட்ட மிதப்பில் அவளிடம் ஓடினேன். “தப்பு ஒங்க மேல இல்ல. காத்துதான் காரணம். யாரையும் அனுப்ப மாட்டாங்க,” என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. ஒட்டிக்கொண்டிருந்த கையையும் நிறுத்தவில்லை.

“அப்பம், போன வருசம் ஆனியில இதே மாதிரி அறுந்து போச்சுன்னு நாலு பேர அனுப்புனாங்களே மேடம். அவளுவள எப்பம் கூப்பிடுவிய?”

எனக்கு முகம் சுட்டது. நேராக அலுவலகம் போய், போன வருடம் வேலையை விட்டு அனுப்பிய அந்த நாலு பேரின் கோப்புகளை எடுத்துக்கொண்டு மேலாளர் அறைக்குள் நுழைந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை. நானே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.