தங்கச்சி மூச்சு வாங்கிய இடங்கள்

மாரியூரில் எங்கள் வீட்டு மாடியறையில் கோயில் திருவிழாக்களுக்குப் பாட்டு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். பாடுவது என் தங்கச்சி. வாத்தியம் எதுவும் கிடையாது. கணினியில் இருக்கும் சிந்தசைசர் மென்பொருள்தான் எல்லாம். வயலின், அதன்மேல் குழல், அதற்கும் மேல் காற்றுபோல் நீளும் ஓர் ஓசை என்று அடுக்கிக்கொண்டே போவேன்.

கொஞ்ச காலமாக அவளுக்கு வரியின் நடுவிலேயே மூச்சு வாங்கியது.

"அண்ணே, ஒரே மூச்சுல வரமாட்டேங்குதுண்ணே."

"பழகாம வந்து நின்னா இப்படித்தான். பாடு, மிச்சத்த நான் பாத்துக்கிறேன்" என்று எரிந்து விழுந்தேன்.

பார்த்துக்கொண்டேன். அவள் மூச்சிழுத்த சத்தத்தை வெட்டி எடுத்து, அந்த இடைவெளி தெரியாமல் இன்னும் இரண்டு அடுக்கு ஓசை வைத்து நிரப்பினேன். "ஒங்க தங்கச்சி என்னமா தம் கட்டுது!" என்று ஊரே மெச்சியது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஒருநாள் மூச்சு முட்டி அவளைக் கொண்டுபோய்ச் சேர்த்த ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் டாக்டர், "இதய வால்வு ரொம்ப நாளாவே பழுது. மூச்சு வாங்குறது எப்ப இருந்து?" என்று கேட்டார்.

"தெரியல சார்" என்றேன்.

மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்தபின் அவள் பாட்டுகளைத் திறந்து, அடுக்குகளை ஒவ்வொன்றாக நிறுத்தினேன். குழல் நின்றது. வயலின் நின்றது. நான் வெட்டிய இடங்களோடு அவள் குரல் மட்டும் மிஞ்சியது. மாசிப் பாட்டில் ஒரே ஒரு வெட்டு. ஆடிப் பாட்டில் நான்கு. கடைசிப் பாட்டில் என்னால் எண்ண முடியவில்லை.

டாக்டர் கேட்டதற்குப் பதில் என் கணினியில் தேதியோடு இருந்தது. அது யார் காதிலும் விழாதபடி நான்தான் அவ்வளவு அழகாக மூடி வைத்திருந்தேன்.