டென்ட் ஜன்னலில் அத்தா

போன லீவில் வெளிநாட்டிலிருந்து கடலூருக்குப் போயிருந்தபோது நடந்தது இது. செம்மண்டலத்தில் எங்கள் வீடு. கல்யாணம், துக்கம், விருந்து என்று ஓடி ஓடி உடம்பு அடித்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. அதைவிடப் பெரிய அலுப்பு, என் மகள். நான் வெளிநாடு கிளம்பும்போது கைக்குழந்தை. தினமும் வீடியோ காலில் "அத்தா, அத்தா" என்று கொஞ்சியவள், நேரில் பார்த்ததும் அம்மாவின் துப்பட்டாவுக்குள் ஒளிந்துகொண்டாள். என்னை "மாமா" என்றாள். வீட்டுக்கு வருகிற ஆம்பளைகள் எல்லாரும் அவளுக்கு மாமாதான். அதில் நானும் ஒருத்தன்.

லீவு முடிகிற வாரம் வந்துவிட்டது. "எங்கனா வெளிய கூட்டிம்போனா ஒட்டிக்குவா, வாங்க" என்றாள் மனைவி. சிதம்பரத்துக்குக் கிழக்கே, கடலோரச் சவுக்குக் காட்டுக்குள் ஒரு சின்னப் பூங்கா. மணலில் டென்ட் போட்டுத் தங்கலாம். போனோம்.

அங்கேயும் அதே கதைதான். ஊஞ்சலைத் தள்ளினால் இறங்கி ஓடினாள். அலை காட்டத் தூக்கினால் வீல் என்று கத்தினாள். பக்கத்து டென்ட்காரர்கள் என்னைப் பிள்ளை பிடிக்கிறவனைப் போலப் பார்த்தார்கள். எல்லாம் என் தலையெழுத்து என்று வெளியே மணலில் படுத்துவிட்டேன். காற்றில் மணல் பறந்ததால் மனைவி அவளோடு உள்ளே போய் ஜிப்பைப் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் உள்ளே ஒரே அழுகை. "அத்தாகிட்ட பேசணும், போன் குடு!" தினமும் நான் கூப்பிடுகிற நேரம் அது.

"அதான் வெளிய படுத்திருக்காங்களேடி."

"அது மாமா!"

எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று எழுந்து, டென்டின் வலை ஜன்னலில் முகத்தை வைத்தேன்.

அழுகை நின்றது. சதுரத்துக்குள் தலை மட்டும் தெரிந்த என்னை உற்றுப் பார்த்தாள்.

"அத்தா! சாப்ட்டீங்களா?"

தலையை மட்டும் ஆட்டினேன். அடுத்து, தினமும் போனில் கேட்பதையே கேட்டாள்.

"எப்ப வருவீங்க?"

சீக்கிரம் வரேண்டா தங்கம் என்று எத்தனையோ முறை புளுகியிருக்கிறேன். அன்றைக்குத்தான் "இதோ வந்துட்டேன்" என்று சொல்ல முடிந்தது. ஜிப்பை இழுத்துத் திறந்து உள்ளே போனேன். அவள் ஓடவில்லை. என் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு மடியில் ஏறி உட்கார்ந்தாள். மனைவி, "கண்ணுல மண்ணு விழுந்துடுச்சிங்க" என்று துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

லீவு முடிந்து வெளிநாட்டுக்கே திரும்பி வந்துவிட்டேன். வேலை முடிந்த அசதியில் கட்டிலில் சாய்ந்தபடி போன் போட்டால், இன்னும் "எப்ப வருவீங்க?" என்றுதான் கேட்கிறாள். கேட்கிறபோதெல்லாம் என் விரல் போனின் ஓரத்தில் அந்த ஜிப்பைத் தேடுகிறது.